பாத்திரத்தின் பின்னணி தர வேண்டியது உறவே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம். அதில் பாத்திரத்தின் பின்னணி, அதாவது கதைக்கு முன் அவர் வாழ்ந்த வாழ்க்கை, தர வேண்டியது ஆட்டத்தில் உதவும் எண்ணா, கதையில் அவருக்குத் தெரிந்த ஆட்களின் உறவா? எண்ணே என்று பேசி அமர்ந்த எதிரணித் தலைவர் மூன்று சொன்னார். எண் எல்லோருக்கும் சமம். உறவு, ஆட்டம் நடத்தும் டிஎம்மின் மனசைப் பொறுத்தது. இந்த வகையில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டமே 2024-இல் எண் பக்கம் வந்துவிட்டது. வந்தது உண்மைதான். வந்ததால் என்ன ஆயிற்று என்பதை நான் சொல்கிறேன்.

2014 விதிநூலில் 13 பின்னணிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு திறன் பயிற்சி, கருவியோ மொழியோ, கொஞ்சம் சாமான், அதோடு ஒரு தனிச் சலுகை. குற்றவாளிப் பின்னணி எடுத்தால், கள்ளர் கூட்டத்தோடு தூது பேச நம்பகமான ஓர் ஆள் கிடைப்பார். மக்கள் நாயகன் எடுத்தால், எளிய ஜனங்கள் தங்க இடம் கொடுப்பார்கள், தேடி வருகிறவர்களிடமிருந்து மறைத்தும் வைப்பார்கள். ஆனால் உங்களுக்காக உயிரைப் பணயம் வைக்க மாட்டார்கள். நடுவர் அவர்களே, இதில் எண் என்று ஒன்று இருக்கிறதா? படைவீரன் கதவைத் தட்டுகிறான். நாயகன் பரண்மேல் படுத்திருக்கிறான். கீழே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்த அம்மா எதுவரை தாங்குவாள்? ஒரு ராத்திரி ஆட்டம் முழுக்க அந்த ஒரு விதிக்குள் இருக்கிறது.

2024 நூலில் பின்னணிகள் 16 ஆயின. இந்தச் சலுகை போயிற்று. அதற்குப் பதில் ஒரு தொடக்க ஃபீட்டும் (கூடுதல் சிறப்புத் திறமை), பாத்திரத்தின் மூன்று பண்புகளின் எண்ணில் உயர்வும்: ஒன்றுக்கு 2, மற்றொன்றுக்கு 1, இல்லையென்றால் மூன்றுக்கும் ஒவ்வொன்று. விவசாயிப் பின்னணிக்கு உடல்பலம், தாக்குப்பிடிக்கும் வலு, ஞானம். அறிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, உழவர் வீட்டுப் பெண் அறிவுக்கு 15 வைத்துக்கொண்டு விஸார்ட், அதாவது அறிவை நம்பி மந்திரம் போடுபவள், ஆனால் அந்த அறிவு 15-லேயே நிற்கும். அதே 15 வைத்த அறிஞர் பின்னணிக்காரருக்கு 17. முதல் லெவலில் அவள் மந்திரத்தைத் தாக்குப்பிடிக்க எதிரி பகடை உருட்டி 12 எடுத்தால் போதும், அறிஞரின் மந்திரத்துக்கு 13 எடுக்க வேண்டும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் உறுத்தும். கை தானாக அறிஞர் பின்னணிக்குப் போகும். சமம் என்று சொன்ன எண்தான் உழவர் மகளை வாசலிலேயே நிறுத்துகிறது! புதுப் பின்னணி உருவாக்கிக்கொள்ள டிஎம் நூலில் வழி உண்டு என்பார்கள். உண்டு; அதற்கும் டிஎம்மின் மனசு வேண்டுமே!

பழைய சலுகைகள் எல்லாமே நன்றாக இருந்தன என்று நான் வாதாட மாட்டேன். வெளிநிலத்தான் பின்னணிக்காரர், நிலத்தில் விளைச்சல் இருந்தால், தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் தினமும் உணவும் தண்ணீரும் தேடிவிடுவார். காட்டுப் பயணத்தில் பசி என்கிற பேச்சே முடிந்தது. அந்தச் சலுகை ஆளைக் கொடுக்கவில்லை, சிக்கலை அழித்தது. தப்பு அங்கே.

எண் வைத்தாலும் அது உறவைப் பேசவைக்க வேண்டும். தர்ட்டீன்த் ஏஜ் ஆட்டத்தில் பின்னணிக்கு 8 புள்ளிகள், ஒன்றில் 5-க்கு மேல் போடக் கூடாது. 'அரண்மனைச் சமையலாள் 5' என்று எழுதியவர், குழம்பில் விஷம் இருக்கிறதா என்று பகடை உருட்டும்போது அந்த 5-ஐயும் கூட்டிக்கொள்ளக் கேட்டால், எந்த அரண்மனை, யாருக்குச் சமைத்தாய் என்று மேசை கேட்கும். டிராவலர் என்கிற விண்வெளி ஆட்டத்தின் 2008 பதிப்பில் இன்னும் நேராகவே இருக்கிறது: பாத்திரத்தின் கடந்த வாழ்க்கையை நான்கு நான்கு ஆண்டுகளாகப் பகடையில் உருட்டும்போதே கூட்டாளியும் பகைவனும் கிடைக்கிறார்கள், இன்னொரு ஆட்டக்காரரின் கடந்த காலத்தோடு உங்களுடையதை முடிந்தால் இருவருக்கும் ஆளுக்கொரு திறன், அதிகம் இரண்டு முறை.

இனி, நான்கு பேர் ஆடும் மேசையில் இதை எப்படிச் செய்வது? முதல் அமர்வில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு பக்கக் கதை வேண்டாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆளுக்கு மூன்று பெயர்: கடன் பட்டவர் ஒருவர், கடன் கொடுத்தவர் ஒருவர், முகத்தில் விழிக்க விரும்பாதவர் ஒருவர். மூவரும் உயிரோடு இருக்க வேண்டும், எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். பன்னிரண்டு பெயரும் டிஎம் கையில் ஒரே தாளில். ஒரு பெயராவது இடப்பக்கத்து ஆட்டக்காரருக்கும் தெரிந்தவராக இருக்கட்டும்.

இது எங்கே கெடும்? ஒருவர் தன் தங்கை பெயரைத் தாளில் எழுதியிருப்பார்; முதல் மாதமே டிஎம் அந்தத் தங்கையைக் கொன்று வில்லனை அறிமுகப்படுத்துவார். அடுத்த முறை அந்த ஆட்டக்காரர் அநாதையாகத்தான் வருவார். இழக்க ஒன்றுமில்லாதவனை எதிரியால் மிரட்ட முடியாதே. பெயர் கொடுத்த ஆளை டிஎம் துன்பத்தில் மாட்டலாம். ஆட்டக்காரர் சம்மதமில்லாமல் கொல்லக் கூடாது. இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, உறவை ஏடிஎம் மாதிரி வாரா வாரம் தட்டுவது. அதற்கு மருந்து கைம்மாறு. துறைமுகத்து அக்கா இந்த வாரம் படகு கொடுத்தால், அடுத்த வாரம் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் அக்கரைக்குக் கொண்டுபோகச் சொல்லுவாள். ஆட்டக்காரர்கள் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்து, பிரிப்பதா வேண்டாமா என்று சண்டை போடுவார்கள். பகடையை யாரும் இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள். நன்றி, வணக்கம்.