காலி இடம் என்று வரைந்த மணல்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் செல்பவர்கள், சவுக்குத் தோப்புகள் நின்ற இடங்களில் விடுதிகளும் வார இறுதி வீடுகளும் எழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாமல்லபுரத்தின் சின்னங்கள் 1984-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கோவளம் கடற்கரை 2021-இல், தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றைப் பெற்றது. சுற்றுலாவால் வளரும் இந்தக் கரையில் எதைக் குடியிருப்புக்கு ஒதுக்குவது, எதை வணிகத்துக்கு ஒதுக்குவது என்பது பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

வீடு என்று அனுமதி பெற்ற கட்டடம், வெள்ளிக்கிழமை மாலையில் இருபது பேர் தங்கும் விடுதியாகிவிடுகிறது. அதன் கழிவுநீர்த் தொட்டியோ ஒரு குடும்பத்துக்கு மட்டும் கணக்கிட்டுக் கட்டியது. ஆகவே ஒரு மனை எவ்வளவு நீரை எடுக்கிறது, எவ்வளவு கழிவுநீரை வெளியேற்றுகிறது என்பதைப் பார்த்தே அதை வகைப்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீரை முன்வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரையின் மணலுக்கடியில் தேங்கும் மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியல் கணக்கு. மேலே உள்ள அந்த ஒரு மீட்டரை ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சிவிட்டால், கீழிருந்து உப்பு ஏறி வரும். இதை உணர்ந்துதான் சென்னைப் பெருநகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் 2008-ஆம் ஆண்டின் இரண்டாம் முழுமைத் திட்டம், திருவான்மியூருக்குத் தெற்கே உள்ள கரையோரத்தை நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்று தனியே குறித்தது. அதே அக்கறை கோவளத்தைத் தாண்டியும் வேண்டும்.

மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டு. எனவே விடுதி கட்ட வருபவர்களின் பார்வை மீனவர் கரைகளின் மேல் விழுகிறது.

அப்படி ஒரு கரையில், வரைபடம் 'காலி இடம்' என்று காட்டிய மணலில் ஒரு நாள் நின்றேன். நான்கு பைபர் படகுகளுக்கு நடுவே, கால் பெருவிரலில் வலையை மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நெத்திலி காய்ந்தது. "இந்த இடம் சும்மாதான் கிடக்கிறதா, ஐயா?" என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே, "காத்தடிச்சா படகை எங்க சார் ஏத்துவோம்?" என்றார்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை, மீனவர் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அவற்றை முதலில் வரைந்துவிட்டு, மீதமுள்ள நிலத்துக்குத்தான் குடியிருப்பு, வணிகம் என்று வண்ணம் தீட்ட வேண்டும். 1971-ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்துக்கு மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த அவகாசம் முடிவதற்குள், வரைபடத்தை அலுவலகச் சுவரில் மாட்டுவதோடு நிறுத்தாமல், ஊர்ப் பஞ்சாயத்தார் கூடும் இடத்தில் விரித்து, சர்வே எண்ணோடு தமிழில் படித்துக் காட்ட வேண்டும். படகு ஏற்றும் மணல் எந்த எண்ணில் இருக்கிறது என்பதை அந்தப் பெரியவரே தொட்டுக் காட்டுவார்.

நன்றி, வணக்கம்.