லட்சம் பேருக்கு எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையைப் புரட்டினால், உத்தரப் பிரதேசத்தில் 3,491 கொலை வழக்குகள். நாட்டிலேயே அதுதான் அதிகம். 'கொலையில் முதலிடம்' என்று செய்தி வாசித்தாகிவிட்டது. ஆனால் அங்கே வாழ்கிறவர்கள் இருபது கோடிக்கும் மேல். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் 1.5தான் வருகிறது. நாட்டின் சராசரி 2.1. ஜார்க்கண்டில் 4.0.

சரி, வகுத்துவிட்டால் தீர்ந்ததா? லட்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே 64,473 பேர். பெயரில் இருக்கிற லட்சம் மக்கள்தொகையில் இல்லை. ஓர் ஆண்டில் அங்கே ஒரே ஒரு கொலை நடந்ததாக வைத்துக்கொள்வோம். விகிதம் 1.55. அந்த ஒரு கொலையும் உத்தரப் பிரதேசத்தின் 3,491 கொலைகளும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மறு ஆண்டு இரண்டு நடந்தால் 'நூறு சதவீத உயர்வு' என்பார்கள். அதற்கடுத்த ஆண்டு ஒன்றுமே நடக்காவிட்டால் பூஜ்யம். இந்த மூன்று ஆண்டுகளில் தீவு மக்களின் குணமோ காவல்துறையின் திறமையோ மாறியிருக்க வேண்டியதே இல்லை. சின்ன எண் அப்படித்தான் குதிக்கும். அதனால்தான் சின்ன ஊர்களுக்கு ஓராண்டுக் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஓர் ஊருக்குக் கெட்ட பெயர் ஒட்டிவிட்டால் அங்கே பெண் கொடுக்கக்கூட யோசிக்கிறார்கள்.

வகுக்கிற எண்ணிலும் ஒரு சங்கடம் உண்டு. திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். நெரிசலில் ஒருவர் சங்கிலியைப் பறிகொடுக்கிறார். பறித்தவரும் வெளியூர், பறிகொடுத்தவரும் வெளியூர். வழக்கு மட்டும் திருவண்ணாமலைக் கணக்கில் ஏறும். அதை உள்ளூர் மக்கள்தொகையால் மட்டும் வகுத்தால், ஊரே திருடர் ஊர் போலத் தெரியும்.

அப்புறம், எண்ணப்படுவது குற்றமா, வழக்கா என்ற கேள்வி. 2019இல் லட்சம் பேருக்கு 385.5 ஆக இருந்த நாட்டின் மொத்தக் குற்ற விகிதம் 2020இல் 487.8 ஆனது. திருட்டு வழக்குகளோ அந்த ஆண்டு குறைந்திருந்தன. கூடியது பெரும்பாலும் ஊரடங்கு மீறல். அரசு உத்தரவை மீறியதற்கான 188ஆம் பிரிவு வழக்குகள் மட்டும் 29,469இலிருந்து 6,12,179 ஆகப் பெருகின. கடை திறந்தவரும் முகக்கவசம் போடாதவரும் சேர்ந்து ஏற்றிய விகிதம் அது. இதே காரணத்தால், வருகிற புகாரையெல்லாம் மறுக்காமல் பதிவு செய்கிற காவல் நிலையம் பட்டியலில் மோசமாகத் தெரியும். அழுதுகொண்டு வந்த பெண்ணைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புகிற நிலையம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வேதனை.

பெருநகரங்களின் கதை வேறு. 2022 அறிக்கையிலும் கோவையின் விகிதத்தை 2011இன் 21.5 லட்சம் பேரைக் கொண்டுதான் வகுத்திருக்கிறார்கள். வழக்குகள் இன்றைய கோவையில் நடந்தவை, ஆட்கள் பழைய கோவையின் ஆட்கள். இடையில் வந்து குடியேறியவர்கள் கணக்கில் இல்லாததால், வளர்ந்த நகரத்தின் விகிதம் உள்ளதைவிடக் கூடுதலாகவே தெரியும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐக் குறித்திருக்கிறார்கள். அந்த எண்கள் வந்தபின் கோவையின் விகிதத்தை நான் மறுபடி வகுத்துப் பார்ப்பேன்.

நன்றி, வணக்கம்.