ஒரு மலையின் பெயரை மாற்ற யார் கையெழுத்து வேண்டும்?

[திரை: பனி மூடிய சிகரம், வளைந்து ஏறும் சாலை]

வணக்கம். அமெரிக்காவின் டென்வர் நகரத்திலிருந்து மேற்கே பார்த்தால் இந்தச் சிகரம் தெரியும். உயரம் 14,000 அடிக்கு மேல். உச்சியை ஒட்டி கார் போகும். வட அமெரிக்காவில் இவ்வளவு உயரத்துக்கு ஏறும் தார்ச்சாலை வேறு இல்லை. 1895 முதல் இதன் பெயர் மவுண்ட் எவன்ஸ். 2023 செப்டம்பர் 15 முதல் மவுண்ட் ப்ளூ ஸ்கை.

ஜான் எவன்ஸ் ஒரு மருத்துவர். இரண்டு பல்கலைக்கழகங்கள் தோன்றக் காரணமானவர். 1862-இல் லிங்கன் இவரைக் கொலராடோ பிரதேசத்துக்கு ஆளுநராக அனுப்பினார். 1864 ஆகஸ்டில் எவன்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: பகைமை காட்டும் பூர்வகுடிகளைப் பொதுமக்களே தேடிப்போய்க் கொல்லலாம், அவர்களுடைய உடைமைகளையும் வைத்துக்கொள்ளலாம். யார் பகை, யார் நட்பு? அதைத் துப்பாக்கி வைத்திருந்தவர்தான் முடிவு செய்தார்.

[திரை: புல்வெளி, ஓர் ஓடை]

நவம்பர் 29. சாண்ட் க்ரீக் ஓடைக்கரை. ஷையென், அரபாஹோ என்ற பூர்வகுடி மக்களின் முகாம். அமெரிக்கக் கொடியும் வெள்ளைக் கொடியும் பறந்துகொண்டிருந்தன. அமெரிக்கக் கர்னல் சிவிங்டனின் படை விடியற்காலையில் புகுந்தது. சுமார் 230 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

எவன்ஸ் அன்று கொலராடோவிலேயே இல்லை. அவரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அவர் தொடங்கிய இரண்டு பல்கலைக்கழகங்களும் தனித்தனியாக விசாரித்து 2014-இல் அறிக்கை வெளியிட்டன. நார்த்வெஸ்டர்ன் குழு, அவர் திட்டமிட்டதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் அந்தச் சூழல் உருவாக அவரும் ஒரு காரணம் என்றது. டென்வர் குழு இன்னும் கடுமையாகப் பேசியது. அவர் காலத்து அரசுக்கே இதில் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. 1865-இல் அவரைப் பதவி விலகச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் முப்பது வருடம் கழித்து அவர் பெயரையே மலைக்கு வைத்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

"பெயரை மாற்றினால் வரலாறு அழியும்" என்று ஒரு வாதம் உண்டு. சரி, 1895-க்கு முன்னால் என்ன பெயர்? மவுண்ட் ரோசலி! 1863-இல் இங்கே வந்த ஓவியர் பியர்ஸ்டாட், தன் நண்பரின் மனைவியான ரோசலியின் பெயரை வைத்தார். பின்னாளில் அவரையே திருமணமும் செய்துகொண்டார். ஆக, எவன்ஸ் என்பதே இன்னொரு பெயரை அழித்துவிட்டு வந்த பெயர்தான். அதற்கும் முன்னால் இந்த மலையைப் பார்த்து வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

[திரை: கூட்ட அறை, கை தூக்கும் உறுப்பினர்கள்]

பெயர் மாற்றும் வேலை அமெரிக்கப் புவியியல் பெயர்கள் வாரியத்துடையது. 1890-இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் மனு போடலாம். ஆனால் புழக்கத்தில் இருக்கும் பெயரைத் தக்க காரணம் இல்லாமல் வாரியம் தொடாது. ஒருவரின் நினைவாகப் பெயர் வைக்க, அவர் இறந்து ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். இன்றைய விதிப்படி எவன்ஸுக்கு 1895-இல் மலை கிடைத்திருக்காது.

பழைய பெயரை எடுப்பதைவிடப் புதுப் பெயரைத் தேர்ந்தெடுப்பதுதான் சிக்கலானது. அரபாஹோ மக்கள் நீல வானத்தின் மக்கள் என்று அறியப்படுபவர்கள். ஷையென் மக்களுக்கு அதே பெயரில் ஒரு புனிதச் சடங்கு உண்டு. ஒக்லஹோமாவில் இருக்கும் ஷையென், அரபாஹோ மக்கள் இந்தப் பெயரை ஆதரித்தார்கள். மொன்டானாவில் இருக்கும் வட ஷையென் மக்களோ, சடங்குக்கு உரிய சொல்லை வழிப்பலகையில் எழுதாதீர்கள் என்றார்கள். எனக்கு அந்த மறுப்பு நியாயமாகவே படுகிறது. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய வாக்கெடுப்பு தள்ளிப்போனது. செப்டம்பரில் 15-க்கு 1 என்று முடிந்தது, மூன்று பேர் வாக்களிக்கவில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. மலை மாறிய அன்று அதைச் சுற்றியுள்ள மவுண்ட் எவன்ஸ் வனப்பகுதியின் பெயர் மாறவில்லை. அது நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதிய பெயர். வாரியத்தால் அதைத் தொட முடியாது.

[திரை: அலாஸ்கா, வெண்மலை]

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது அலாஸ்காவில் தெரியும். அங்கே மவுண்ட் மெக்கின்லி என்று அழைக்கப்பட்ட மலைக்கு டெனாலி என்ற பெயரைத் திரும்பக் கொடுங்கள் என்று அந்த மாநிலம் 1975-இல் கேட்டது. அதிபர் மெக்கின்லியின் சொந்த மாநிலமான ஒஹையோவிலிருந்து வந்த ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் பல ஆண்டுகள் அதைத் தடுத்தார். எப்படி? பெயர் பற்றிய மசோதா நாடாளுமன்றத்தில் நிலுவையில் இருந்தால் வாரியம் அதைக் கையில் எடுக்காது. அவர் மசோதாவைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். 2015-இல் உள்துறை அமைச்சரின் ஆணையால் பெயர் டெனாலி ஆனது. 2025-இல் அதிபரின் ஆணையால் மறுபடி மெக்கின்லி. ஆனால் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் பெயர் 1980-இல் சட்டத்தில் எழுதப்பட்டது. அதனால் மவுண்ட் மெக்கின்லி இன்றும் டெனாலி தேசியப் பூங்காவுக்குள்தான் நிற்கிறது.