குரங்குக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை: தட்டு நீலமாவது எப்படி?

[திரையில்: மசினகுடிச் சாலை, இருபுறமும் புதர்]

லான்டானாவை உண்ணிச்செடி என்போம். முதுமலைப் பக்கம் எங்கே திரும்பினாலும் அதுதான். அந்தப் புதரில் விறகு பொறுக்கிவிட்டு வந்து காலைத் தடவினால், எள்ளைவிடச் சின்னதாக ஏதோ நெருடும். உண்ணி. பூச்சி என்று சொல்கிறோம், உண்மையில் அது சிலந்திச் சாதி. பெரும்பாலும் கிள்ளி எறிந்துவிட்டு மறந்துவிடுவோம். எப்போதாவது, ஒரு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, அடித்துப் போட்டதுபோல் உடம்புவலி.

டெங்குவா, குரங்குக் காய்ச்சலா? ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

உண்ணி வழியாகப் பரவும் குரங்குக் காய்ச்சல் வைரஸ் 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டுப் பக்கம் குரங்குகள் செத்து விழுந்தபோது தெரியவந்தது. 2012-13 வாக்கில் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு வரை தலைகாட்டியது.

காய்ச்சலின் முதல் சில நாள் வைரஸே ரத்தத்தில் இருக்கும், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் சிக்கிவிடும். அப்புறம் வைரஸ் குறையும், வைரஸை எதிர்க்க உடம்பு தயாரித்த ஆன்டிபாடி ஏறும். முதலில் வருவது ஐஜிஎம் என்ற வகை ஆன்டிபாடி. அதைத் தேடும் ரத்தப் பரிசோதனைதான் எலைசா.

[திரையில்: எலைசா தட்டு, அருகிலிருந்து]

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, 96 குழி. பணியாரக் கல்லைப் பொம்மை சைஸில் செய்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும், ஐஜிஎம்மைப் பிடித்து வைக்கும் ஒரு பொருள் பூசியிருக்கும். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தை, விடுகிறோம். எந்த நோய்க்கு உண்டான ஐஜிஎம் ஆனாலும் மாட்டிக்கொள்ளும். கழுவுகிறோம். இப்போது, முன்பே கொன்றுவைத்த குரங்குக் காய்ச்சல் வைரஸை விடுகிறோம். குரங்குக் காய்ச்சலுக்கான ஐஜிஎம் இருந்தால்தான் வைரஸ் அங்கே நிற்கும். இல்லையென்றால் அடுத்த கழுவலில் போய்விடும். பிறகு, வைரஸைத் தேடிப் போய் ஒட்டுகிற, நொதி கட்டிய இன்னொரு ஆன்டிபாடி. மறுபடி கழுவல். கடைசியில் நிறமில்லாத ஒரு திரவம். நொதி இருக்கும் குழியில் மட்டும் மெல்ல நீலம் ஏறும். கொஞ்சம் அமிலம் விட்டால் மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும். எவ்வளவு மஞ்சள் என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும்.

கழுவல் கழுவல் என்று சொல்கிறேனே, சலிக்காதீர்கள். சரியாகக் கழுவாவிட்டால் நோயே இல்லாதவர் குழியும் நீலமாகும்.

சரி, இதை உருவாக்குவதில் என்ன கஷ்டம்? முதலாவது, அப்படிக் கொன்றுவைத்த வைரஸ் வேண்டுமென்றால் உயிருள்ள வைரஸை வளர்க்க வேண்டும். இது ஆளைக் கொல்லக்கூடியது. சாதாரண லேபில் தொடக்கூடாது. புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தில் இருப்பதுபோல உயர் பாதுகாப்புக் கூடம் தேவை.

இரண்டாவதுதான் என் கணக்கில் பெரிய தலைவலி. டெங்குவும் இதுவும் ஒரே குடும்பத்து வைரஸ்கள், பங்காளிகள். டெங்குவுக்கு உண்டான ஆன்டிபாடி இதன்மேலும் லேசாக ஒட்டிக்கொள்ளலாம். அதனால் டெங்கு வந்தவர்கள், எந்தக் காய்ச்சலும் வராதவர்கள், குரங்குக் காய்ச்சல் உறுதியானவர்கள் என்று பலருடைய சீரத்தை வைத்துச் சோதித்து, எந்த எண்ணுக்கு மேலே போனால் 'ஆம்' என்று ஒரு கோடு போட வேண்டும். கோட்டை இறக்கினால் நோயில்லாதவரும் மாட்டுவார். ஏற்றினால் நோயாளி தப்புவார்.

[திரையில்: கணக்கு]

1000 பேரைச் சோதிக்கிறோம், அதில் 10 பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரையும் டெஸ்ட் பிடித்துவிட்டது. நோயில்லாத நூறு பேரில் 5 பேருக்குத் தப்பாக 'ஆம்' என்கிறது. மீதி 990 பேரில் கிட்டத்தட்ட 50 பேர் வீணாகப் பயப்படுவார்கள். 'ஆம்' வந்த 60 பேரில் நிஜ நோயாளி 10 பேர்தான்! டெஸ்ட் மோசமில்லை, நோய் அரிது, அதனால் வரும் வினை. அதனால்தான் காட்டுக்குப் போனாரா, பக்கத்தில் குரங்கு செத்துக் கிடந்ததா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பது.

காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே எலைசா எடுத்து 'இல்லை' என்று வந்தால் நம்ப வேண்டாம். ஆன்டிபாடி இன்னும் உருவாகியிருக்காது. சில நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு அனுப்புவதென்றால், அந்த ரத்தம் வைத்த சின்ன ஐஸ் பெட்டி கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டும்.