நாய் கிட்ட வந்து மோந்து பார்த்தா என்ன பண்ணணும்?

வணக்கம் மக்களே! காட்பாடி பக்கம் ஒரு தெருவுல நிக்கிறோம், காலையில ஆறரை மணி. வெயில் ஏறிட்டா நம்ம ஊரு நாய்ங்க நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்க ஆரம்பிச்சுடும். இரைக்கிறப்போ ஒழுங்கா மோந்து பார்க்க முடியாது. அதான் இந்த நேரம்.

இந்த மூக்கை ஜூம் பண்றேன். ஓட்டைக்குப் பக்கத்துல கீறல் மாதிரி தெரியுதா? முன்னாடி ஓட்டையில காத்தை இழுக்கும், அந்தக் கீறல் வழியா வெளியே விடும். விடுற மூச்சு வர்ற வாசனையைக் கலைக்காது. வினாடிக்கு 5 தடவை வரைக்கும் இழுக்கும். ஈரம் வேற, வாசனை அதுல ஒட்டிக்கும்.

அடுத்து, எல்லாரும் நெளியுற விஷயம். தொடை நடுவுல ஏன் மூக்கை வைக்குது? அபோகிரைன்னு ஒரு வகை வேர்வைச் சுரப்பி நமக்கு அக்குள்லயும் தொடை இடுக்குலயும்தான் நிறைய. அக்குள் அதுக்கு எட்டாது, அவ்ளோதான்! மாதவிடாய் நேரத்துல, பிள்ளை பெத்த புதுசுல வாசனை மாறும், கூடுதலா மோக்கும். அசிங்கம்னு அடிக்காதீங்க. வீட்டு நாயா இருந்தா, விருந்தாளி உள்ள வர்றதுக்கு முன்னாடியே 'உட்காரு' சொல்லி, உட்கார்ந்ததும் பிஸ்கட் துண்டு குடுங்க. மூக்கை வெச்சப்புறம் குடுத்தா, மூக்கு வெச்சதுக்குக் கூலின்னு நினைச்சுக்கும்.

தெருநாய் வந்தா? ஓடாதீங்க, காலை வெடுக்குனு இழுக்காதீங்க, இழுத்தா துரத்தும். லேசாப் பக்கவாட்டுல திரும்பி, கையைத் தொங்க விட்டு நில்லுங்க. கண்ணையே முறைச்சுப் பார்க்காதீங்க. கையை மூக்குக்கு நேரா நீட்டச் சொல்றாங்க இல்ல? வேணாம், அதுவா வரட்டும். ஞாயித்துக்கிழமை கறிப் பையோட போனா மோக்கிறது உங்களை இல்ல, பையை. மூடி போட்ட தூக்குல வாங்கிக்கினு போங்க.

நாயோட உடம்பு தளர்வா இருந்து, வால் அகலமா ஆடினா சும்மா விசாரிக்குது. வாயை மூடி, உடம்பு கட்டை மாதிரி ஆகி, மோக்கிறதை சட்டுனு நிறுத்துனா உஷாரு. வால் ஆடுதேன்னு நம்பாதீங்க, விறைப்பா ஆடுற வால் வேற! முதுகு காட்டாம மெதுவா பின்னால நகருங்க.

காயமில்லாத தோல்ல மூக்கு பட்டாலோ நக்குனாலோ வெறிநாய்க்கடி (ரேபிஸ்) ஊசி தேவையில்லை, கழுவுனா போதும். பல்லோ நகமோ கீறிடுச்சுன்னா, ரத்தம் வரலைன்னாலும், ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி போடுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீங்க.