முதல் எண், பிரதி இல்லை: பழைய அமெரிக்கச் சட்ட அச்சுகளும் அவற்றின் பதிவுகளும்

[திரையில்: ஒரு நூலகப் பதிவு. மேல் மூலையில் "எவன்ஸ் 1" என்ற எண்.]

அமெரிக்காவில் 1800-ஆம் ஆண்டு வரை அச்சான புத்தகங்கள், துண்டறிக்கைகள், ஒற்றைத்தாள்கள் எல்லாவற்றையும் எண் போட்டு வரிசைப்படுத்திய ஒரு பட்டியல் இருக்கிறது. சார்லஸ் எவன்ஸ் என்ற நூலகர் தொடங்கியது. அந்த வரிசையில் முதல் எண் எதற்குக் கிடைத்தது தெரியுமா? பைபிளுக்கு இல்லை, பாட்டுப் புத்தகத்துக்கும் இல்லை. குடியுரிமை பெற்ற ஆண்கள் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி அச்சான ஒரு தாளுக்கு. மாசசூசெட்ஸ் காலனியில் வாக்குரிமையோடு கூடிய உறுப்பினராக வேண்டுமானால் அந்த வாசகத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டப்படியான ஒரு ஆவணம். கேம்பிரிட்ஜ் ஊரில் ஸ்டீபன் டே என்பவரின் அச்சகத்தில் 1639 வாக்கில் அச்சானது.

இன்று அதில் ஒரு பிரதிகூடக் கிடையாது.

பிரதியே இல்லாத ஒன்றுக்கு எண் எப்படி வந்தது? காலனியின் ஆளுநர் ஜான் வின்த்ரப் எழுதி வந்த நாட்குறிப்பால் வந்தது. டே அச்சகம் தொடங்கினார், முதலில் அச்சானது உறுதிமொழி, அடுத்தது ஒரு பஞ்சாங்கம், அதற்கடுத்து பைபிளில் உள்ள சங்கீதப் பாடல்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். உறுதிமொழியின் வாசகமும் நமக்குத் தெரியும். 1647-ல் லண்டனில் வெளியான ஒரு நூலில் அது இருக்கிறது. ஆக, ஒரு சாட்சி இருக்கிறார், வாசகம் இருக்கிறது, தாள் மட்டும் இல்லை.

நூலகப் பதிவு என்றால் அலமாரியில் இருக்கும் பொருளின் முகவரி என்றுதான் பொதுவாக நினைப்போம். பழைய அச்சுகளில், அதுவும் சட்ட அச்சுகளில், பதிவு என்பது ஒரு வழக்குக் கட்டு. இது அச்சானது, இன்னார் அச்சடித்தார், இந்த ஆண்டில் என்று யாரோ ஒருவர் வாதிடுகிறார். அந்த வாதத்துக்கு என்ன ஆதாரம் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

[திரையில்: 17-ஆம் நூற்றாண்டு கிழக்குக் கடற்கரையின் வரைபடம். கேம்பிரிட்ஜ், ஜேம்ஸ்டவுன், செயின்ட் மேரிஸ் சிட்டி.]

சட்டப் புத்தகங்கள் மட்டும் ஏன் இப்படிக் காணாமல் போகின்றன? காரணம் எளிது. புதிய சட்டத்தொகுப்பு வந்த அன்றே பழையது செல்லாததாகிவிடுகிறது. போன வருடத்து ரயில்வே கால அட்டவணையை யார் பத்திரப்படுத்துவார்கள்? அதே கதைதான்.

1648-ல் மாசசூசெட்ஸ் தன் சட்டங்களையெல்லாம் அகர வரிசையில் தொகுத்து ஒரே புத்தகமாக வெளியிட்டது. வட அமெரிக்க ஆங்கிலக் காலனிகளில் அச்சான முதல் சட்டத்தொகுப்பு. 600 பிரதிகள் அடித்தார்கள். அன்றைய சிறிய காலனிக்கு அது பெரிய எண்ணிக்கை. 1660-ல் திருத்திய பதிப்பு வந்துவிட்டது. முதல் பதிப்பில் இன்று மிஞ்சியிருப்பதாக அறியப்பட்டது ஒரே ஒரு பிரதி. கலிஃபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. அதே அச்சகத்தில் 1640-ல் அச்சான சங்கீதப் புத்தகத்துக்கோ 11 பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. பக்தியோடு வைத்திருந்தது தப்பித்தது, வேலைக்குப் பயன்பட்டது அழிந்தது.

1642-ல் மரண தண்டனைக்குரிய குற்றங்களை அதே காலனி ஒரு பட்டியலாக அச்சிட்டது. அதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 1643-ல் லண்டன் புத்தக வியாபாரி ஒருவர் அதை மறுஅச்சு செய்தார். நியூ இங்கிலாந்தில் முதலில் அச்சானது, இங்கே மறுபடி அச்சாகிறது என்று அந்தத் தாளிலேயே போட்டுவிட்டார். விற்பனைக்காகப் போட்ட ஒரு வரி, முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பட்டியல்காரர்களுக்குச் சாட்சியமாகிவிட்டது.

வர்ஜீனியாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். வில்லியம் நட்ஹெட் என்ற அச்சகர் 1682-ல் ஜேம்ஸ்டவுனில், அனுமதி வாங்காமல், சட்டமன்றத்தின் சட்டங்களை அச்சடிக்கத் தொடங்கினார். ஆளுநரும் ஆலோசனைக் குழுவும் கூப்பிட்டு விசாரித்து நிறுத்திவிட்டார்கள். அரசரின் உத்தரவும் பின்னாலேயே வந்தது: அச்சகமே கூடாது. 1730 வரை வர்ஜீனியாவில் அச்சகம் இல்லை. நட்ஹெட் அடித்த அந்தத் தாள்கள் நம்மிடம் இல்லை. அவரை விசாரித்த குறிப்பு இருக்கிறது. தடை செய்தவர்களின் பதிவேடுதான் தடை செய்யப்பட்ட அச்சுக்கு ஒரே ஆதாரம்!

அப்புறம் நட்ஹெட் மேரிலாந்துக்குப் போனார். அங்கே அவர் பிழைப்பு பெரும்பாலும் சட்டப் படிவங்கள். பெயருக்கும் தொகைக்கும் இடம் விட்டு அச்சடித்த கடன் பத்திரம் மாதிரியானவை. அவர் இறந்த பிறகு மனைவி டைனா நட்ஹெட் அச்சகத்தை அன்னாபொலிஸுக்குக் கொண்டு போய், 1696-ல் படிவங்கள் அச்சடிக்க உரிமம் வாங்கினார். உரிமத்துக்கான பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை, ஓர் அடையாளம்தான் போட்டார். எழுதத் தெரியாத ஒருவர் ஒரு காலனியின் அச்சகர். இப்படிப்பட்ட படிவங்கள் புத்தகக் கணக்கில் வராமல், நீதிமன்றக் கட்டுகளுக்குள் கையெழுத்து ஆவணம் என்ற பெயரில் கிடக்கும். யாராவது பிரித்துப் பார்த்து "இதில் பாதி அச்சு" என்று சொல்லும் வரை அவற்றுக்குப் பதிவே கிடையாது.

[திரையில்: 1648 சட்டநூலின் தலைப்புப் பக்கம். பக்கத்தில் அதன் பதிவு. சதுர அடைப்புக்குறிகள் மட்டும் சிவப்பில்.]

சரி, ஒரு பதிவை எப்படிப் படிப்பது? 1648 சட்டநூலையே எடுத்துக்கொள்வோம்.

எழுத்தாளர் இடத்தில் மனிதர் பெயர் இருக்காது. "மாசசூசெட்ஸ்" என்று இருக்கும். ஒரு காலனியே நூலாசிரியர். அடுத்து, பட்டியல்காரர்கள் தாங்களாகவே வைக்கும் பொதுத் தலைப்பு: "சட்டங்கள் முதலியன". அசல் தலைப்புகள் அரைப் பக்கத்துக்கு நீளும், ஊருக்கு ஊர் மாறும். இந்தப் பொதுத் தலைப்பு இல்லாவிட்டால் எதையும் சேர்த்துப் பார்க்க முடியாது. அதற்குக் கீழேதான் அசல் தலைப்பு வரும், எழுத்துக்கு எழுத்து. இந்தப் புத்தகத்தின் தலைப்பில் சட்டம் என்ற ஆங்கிலச் சொல்லில் டபிள்யூ எழுத்து வர வேண்டிய இடத்தில் இரண்டு யூ எழுத்துகளைப் போட்டிருக்கிறார் அச்சுக்கோத்தவர். பதிவு எழுதுபவர் அதைத் திருத்தக் கூடாது. அந்த இரட்டை யூவை வைத்தே நாளைக்கு ஒருவர் இந்தப் பதிப்பை வேறொன்றிலிருந்து பிரித்தறியலாம்.

அடுத்து வெளியீட்டு விவரம். கேம்பிரிட்ஜ், பொது மன்றத்தின் (காலனியின் சட்டமன்றம்) உத்தரவுப்படி அச்சானது, 1648, பாஸ்டனில் ஹெசக்கையா அஷர் கடையில் கிடைக்கும் என்று பக்கத்தில் இருக்கிறது. அச்சடித்தவர் பெயர் இல்லை. ஸ்டீபன் டேயின் மகன் மாத்யூ அச்சடித்தார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் பதிவில் அந்தப் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் வரும்.

இந்த அடைப்புக்குறிதான் எனக்குப் பதிவு முழுவதிலும் பிடித்த இடம். பொருளிலேயே இருப்பது வெளியே, பட்டியல்காரர் வேறு ஆதாரத்தால் ஊகித்தது உள்ளே. கூடவே ஒரு கேள்விக்குறி இருந்தால் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை என்று பொருள். இவ்வளவு சின்னக் குறியில் இவ்வளவு நேர்மை. ஆனால் இணையத்தில் பதிவுகளை நகலெடுத்துப் போடும்போது முதலில் உதிர்வது இந்த அடைப்புக்குறிதான். ஊகம் உண்மையாகிவிடும்.

ஆண்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். 1752 வரை பிரிட்டிஷ் காலனிகளில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் பிப்ரவரியில் கூடிய சட்டமன்றத்தின் தாளில் 1694 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1695. பல சட்டத்தாள்களில் அந்த ஆண்டுகூட இருக்காது. இன்ன அரசரின் ஆட்சியில் ஏழாம் ஆண்டு என்று மட்டும் இருக்கும். அரசர் எந்த நாளில் பட்டத்துக்கு வந்தார் என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும். கணக்கில் வந்த ஆண்டும் அடைப்புக்குறிக்குள்தான் போகும்.

இதில் தலைவலி கூட்டத்தொடர்ச் சட்டங்கள். சட்டமன்றம் ஒவ்வொரு முறை கூடி முடித்ததும் அந்தத் தொடரின் சட்டங்களை அச்சகர் சில தாள்களாக அடித்துக் கொடுப்பார். பக்க எண் முந்தைய தொடரிலிருந்து தொடரும். வாங்கியவர் சேர்த்துச் சேர்த்து வைத்து ஒருநாள் ஒன்றாகத் தைத்து அட்டை போடுவார். ஒருவரிடம் மூன்று தொடர், இன்னொருவரிடம் ஐந்து, நடுவில் ஒன்று தொலைந்திருக்கும். இது ஒரு புத்தகமா, ஐந்தா? பாரத்துக்குப் பாரம் (ஒரே தாளை மடித்து வரும் பக்கங்களின் தொகுப்பு) அடியில் இருக்கும் குறியெழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியும். பழைய பதிவுகளில் இரண்டு நூலகங்கள் ஒரே அச்சை வெவ்வேறு நூல்களாக விவரித்திருப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

[திரையில்: எவன்ஸ் தொகுதிகள், 1903 முதல் 1934 வரை.]

இப்போது எவன்ஸிடம் வருவோம். சிகாகோவில் வாழ்ந்த அவர் முதல் தொகுதியை 1903-ல் வெளியிட்டார். கணினி கிடையாது, குழு கிடையாது. அட்டைகள் எழுதி, அச்சுக்கும் தானே பொறுப்பேற்று, 12 தொகுதிகள். 1934-ல் வந்த கடைசித் தொகுதி 1799-ஆம் ஆண்டு அச்சுகளின் அகர வரிசையில் எம் எழுத்தோடு நின்றது. அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். வொர்ஸ்டர் நகரில் இருக்கும் அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி என்ற, பழைய அச்சுகளைச் சேகரிக்கும் சங்கத்தின் கிளிஃபர்ட் ஷிப்டன் மீதியை முடித்து 1955-ல் 13-ஆம் தொகுதியை வெளியிட்டார். மொத்தம் 39,000-க்கும் மேற்பட்ட எண்கள்.

ஒரு தனி மனிதர் இத்தனை அச்சுகளையும் கையில் எடுத்துப் பார்த்திருக்க முடியாது. பழைய செய்தித்தாள் விளம்பரங்களையும் நம்பினார். "இப்போது வெளியாகியுள்ளது, இன்னார் கடையில் கிடைக்கும்" என்று ஒரு பாஸ்டன் வியாபாரி விளம்பரம் போட்டால், அது லண்டனிலிருந்து கப்பலில் வந்த சரக்காகவும் இருக்கலாம். "அச்சில் இருக்கிறது" என்று அறிவித்துவிட்டு, சந்தாக்காரர் சேராமல் கைவிட்டதும் உண்டு. எவன்ஸ் இவற்றுக்கும் எண் கொடுத்தார். நூலகர்கள் இப்படிப் பிறந்த பதிவுகளைப் பேய் என்பார்கள். பதிவு நடமாடும், புத்தகம் பிறக்கவே இல்லை.

எப்படிப் பிடித்தார்கள்? பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் படமெடுத்து நூலகங்களுக்குக் கொடுக்க 1950-களில் அந்தச் சங்கமும் ரீடெக்ஸ் நிறுவனமும் கிளம்பின. படமெடுக்கப் பிரதி வேண்டுமே! தேடியபோதுதான் பேய்கள் ஒவ்வொன்றாக மாட்டின. 1969-ல் வந்த திருத்திய குறும்பட்டியலில், எவன்ஸின் பதிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பேய் அல்லது பெரிய பிழை உள்ளது என்ற கணக்கு வெளியானது. மறுபக்கம், எவன்ஸ் கண்ணில் படாத 11,000-க்கும் மேற்பட்ட அச்சுகளை ரோஜர் பிரிஸ்டல் 1970-ல் இணைப்பாக வெளியிட்டார். பத்தில் ஒன்று தவறு என்பதை வைத்து எவன்ஸை மட்டம் தட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தேடுவதற்கு ஒரு பட்டியல் இருந்ததால்தான் இல்லாததை இல்லை என்று சொல்ல முடிந்தது.

[திரையில்: 1985, சால்ட் லேக் சிட்டி. நாளிதழ்ப் புகைப்படங்கள்.]

பிரதி இல்லாத பதிவு ஒரு காலி நாற்காலி என்று புரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். மார்க் ஹாஃப்மன், யூட்டா மாநிலத்தில் பழைய ஆவணங்கள் விற்றவர். 1985-ல் அந்த 1639 உறுதிமொழியின் பிரதி கிடைத்துவிட்டதாக அறிவித்தார். தந்திரத்தைப் பாருங்கள். அதே தலைப்பில் வேறு ஏதோ பாட்டு அச்சிட்ட ஒரு தாளைத் தயாரித்து, நியூயார்க்கில் ஒரு பழைய புத்தகக் கடையில் நைசாக நுழைத்து, அதை 25 டாலருக்குத் தானே வாங்கி, ரசீதும் வாங்கிக்கொண்டார். பிறகு தான் செய்த "உண்மையான" தாளுக்கு அந்த ரசீதைப் பூர்வீகமாகக் காட்டினார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திடம் கேட்ட விலை 15 லட்சம் டாலர். அங்கேயும் வொர்ஸ்டரிலும் சோதித்தவர்களால் உடனே போலி என்று சொல்ல முடியவில்லை.

இதற்கிடையே கடன் நெருக்கியது, மற்ற போலிகளும் வெளிவரும் நிலை. அக்டோபர் 1985-ல் அவர் வைத்த குண்டுகளில் இரண்டு பேர் இறந்தார்கள். மறுநாள் இன்னொரு குண்டு அவர் காரிலேயே வெடித்து அவரும் காயப்பட்டார். விசாரணையில் அவருடைய ஆவணங்களின் மையை நுண்ணோக்கியில் பார்த்தபோது இயல்பாகப் பழையதான மையில் இல்லாத வெடிப்புகள் தெரிந்தன. 1987-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆயுள் சிறை.

[திரையில்: ஆறு தடித்த தொகுதிகள்.]

எவன்ஸ் எல்லா அச்சையும் சேர்த்தார். சட்டத்துக்கு மட்டும் தனிப் பட்டியல் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் உழைத்தவர் மோரிஸ் கோஹன். யேல் சட்டக் கல்லூரியின் நூலகராக இருந்தவர். (யேல் என்ற பெயரே சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேலிடமிருந்து போனதுதான்.) 1998-ல் ஆறு தொகுதிகளாக வந்த அவருடைய பட்டியல் 1860 வரை நீள்கிறது. அமெரிக்கச் சட்டத்தைப் பற்றி வெளிநாட்டில் அச்சானவையும் உண்டு.

அதில் வழக்கு விசாரணை நூல்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கொலை வழக்கு, தூக்கு மேடைக்கு முந்தைய வாக்குமூலம், பாதிரியார் அன்று செய்த பிரசங்கம் எல்லாம் சுடச்சுட அச்சாகி விற்றவை. நியூயார்க் அச்சகர் ஜான் பீட்டர் செங்கர் 1735-ல் ஆளுநரை அவதூறு செய்த வழக்கில் விடுதலையானதும், மறு ஆண்டே அந்த விசாரணையைத் தானே அச்சிட்டு விற்றார். தலைப்புப் பக்கத்தில் எழுதியவர் பெயர் இல்லை. வழக்கறிஞர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் எழுதியது என்று கருதப்படுகிறது. ஆக, மறுபடியும் அடைப்புக்குறி. 1738-ல் பாஸ்டனிலும் லண்டனிலும் மறுபதிப்புகள்.

இன்று இதெல்லாம் இணையத்தில் தேடலாம். பதிவில் "எவன்ஸ்" அல்லது "பிரிஸ்டல்" என்று ஒரு எண் மேற்கோளாக வரும். அதைப் பிடித்துக்கொண்டு பழைய பட்டியல்களுக்குப் பின்னோக்கிப் போகலாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, 1800 வரையிலான ஆங்கில அச்சுகளின் பொதுப் பட்டியலும் நீண்ட நாள் முடங்கியது. அப்போது அலமாரியில் இருந்த எவன்ஸ் தொகுதிகள் கைகொடுத்தன.

பிரதிகள் எங்கே இருக்கின்றன என்ற கடைசி வரியையும் விடாதீர்கள். அது மாறிக்கொண்டே இருக்கும். வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது, 2022-ல், கோப்பு அலமாரி ஒன்றில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 1787-ஆம் ஆண்டு அச்சுப் பிரதி கிடைத்தது. மாநிலங்களின் ஒப்புதலுக்காகக் காங்கிரஸ் அனுப்பியவற்றில் ஒன்று, செயலாளர் சார்லஸ் தாம்சனின் கையெழுத்தோடு. 2024 அக்டோபரில் 90 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இப்படி ஏற்கெனவே தெரிந்த அச்சில் இன்னொரு பிரதி வந்தால் பதிவில் புது எண் வராது. பிரதிகளின் வரிசையில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். அலமாரியிலிருந்து வந்தது யாரும் அறியாத வேறு அச்சாக இருந்திருந்தால், பட்டியல்காரர் தலைப்பிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.