குலுவாவின் நோயாளிப் பதிவேடு

நேயர்களுக்கு என் வணக்கம். ஆப்பிரிக்கக் கிராமங்களில் பணியாற்றிய கிறிஸ்தவ மிஷனரி மருத்துவர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். இப்படிக் கேட்டதும் பலருக்கு ஆல்பர்ட் ஷ்வைட்சர் பெயர்தான் நினைவுக்கு வரும். கபோன் நாட்டில் அவர் மருத்துவமனை நடத்திய லம்பாரெனே, நோபல் பரிசு என்று அவரைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் சொல்ல வந்திருப்பவர் டெட் வில்லியம்ஸ். உகாண்டாவின் வடமேற்கு மூலையில், காங்கோவும் இன்றைய தென் சூடானும் தொட்டுக்கொள்ளும் மேற்கு நைல் மாவட்டத்தில், அருவா நகருக்குப் பக்கத்தில் குலுவா என்ற ஊரில் மிஷன் மருத்துவமனை நடத்தியவர். ஆப்பிரிக்க உள்நாட்டு மிஷனைச் சேர்ந்தவர்.

அவர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் புற்றுநோய்க்கும் வைரஸுக்கும் தொடர்பு உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்ட வரலாற்றில், குலுவாவில் அவர் எழுதி வைத்த குறிப்புகளுக்குப் பெரிய இடம் இருக்கிறது.

கதை 1957இல் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் தொடங்குகிறது. அங்கே முலாகோ அரசு மருத்துவமனையில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அயர்லாந்துக்காரர், சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர், ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். ஒருநாள் ஹியூ ட்ரோவெல் என்ற சக மருத்துவர் ஒரு சிறுவனைப் பார்க்க அவரை அழைத்தார். அந்தப் பையனுக்கு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும், இரு பக்கமும் வீக்கம். பர்கிட்டுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. சில வாரங்கள் கழித்து ஜிஞ்சா மருத்துவமனைக்குப் போனபோது, அதே முகத்தோற்றத்தோடு இன்னொரு குழந்தையைப் பார்த்தார். ஒன்று என்றால் விநோதம், இரண்டு என்றால் யோசிக்க வேண்டும். பழைய கோப்புகளைப் புரட்டினார். தாடையில் ஒரு கட்டி, வயிற்றில் ஒரு கட்டி என்று தனித்தனி நோய்களாக எழுதப்பட்டிருந்தவை பலவும் உண்மையில் ஒரே புற்றுநோய் என்று புரிந்தது.

இந்த நோய் எந்தெந்த ஊர்களில் இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கிடைத்த ஆரம்பப் பணம் வெறும் 25 பவுண்டு. அதை வைத்துக்கொண்டு படம் போட்ட துண்டுப் பிரசுரங்களை ஆப்பிரிக்கா முழுவதும் இருந்த மருத்துவமனைகளுக்குத் தபாலில் அனுப்பினார். ‘இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததுண்டா?’ என்பதுதான் கேள்வி. பதில்கள் பலவும் மிஷன் மருத்துவமனைகளிலிருந்து வந்தன. அரசு மருத்துவர்களுக்கு அடிக்கடி மாற்றல் வரும். மிஷனரி மருத்துவர் ஒரே ஊரில் பத்து, இருபது வருடம் இருப்பார். அந்த ஊரில் எது வழக்கம், எது புதிது என்று அவருக்குத் தெரியும்.

தபால் மட்டும் போதாது என்று 1961 அக்டோபரில் பர்கிட் நேரில் புறப்பட்டார். அவரோடு இன்னும் இரண்டு மிஷனரி மருத்துவர்கள். ஒருவர் கிளிஃப் நெல்சன், மற்றவர் நம் டெட் வில்லியம்ஸ். வில்லியம்ஸ் வண்டி ரிப்பேர் நன்றாகத் தெரிந்தவர். அந்தக் காலத்துச் சாலைகளில் அது எவ்வளவு பெரிய தகுதி என்று சொல்ல வேண்டியதில்லை. 250 பவுண்டுக்கு வாங்கிய பழைய ஃபோர்டு ஸ்டேஷன் வேகனில், பத்து வாரம், சுமார் 16,000 கிலோமீட்டர். தென்னாப்பிரிக்கா வரை போய்த் திரும்பினார்கள். போகிற வழியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் இறங்கி, புகைப்படங்களைக் காட்டி, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. பூமத்திய ரேகைக்கு அருகே 5,000 அடிக்கு மேல் உள்ள மலைப்பகுதிகளில் இந்த நோய் இல்லை. தெற்கே போகப்போக அந்த உயர வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. அதாவது, உண்மையான எல்லையை வகுத்தது வெப்பம். மழை குறைந்த இடங்களிலும் நோய் இல்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம் என்றால் கொசு இருக்கும், மலேரியா இருக்கும்.

இதற்கிடையே, அதே 1961 மார்ச்சில் லண்டனில் பர்கிட் ஆற்றிய ஓர் உரையை அந்தோனி எப்ஸ்டீன் என்ற வைரஸ் ஆய்வாளர் கேட்டிருந்தார். கம்பாலாவிலிருந்து கட்டித் திசுக்கள் விமானத்தில் லண்டன் போயின. 1964இல் எப்ஸ்டீனும் அவருடைய சகாக்கள் இவோன் பாரும் பெர்ட் அச்சாங்கும் அந்தத் திசுவிலிருந்து வளர்த்த செல்களில் ஒரு வைரஸைக் கண்டார்கள். இன்று எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்கிறோம். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுதான். மலேரியாவும் இந்த வைரஸும் ஒரே குழந்தையின் உடலில் சந்திக்கும்போது ஆபத்து கூடுகிறது என்பது இன்றைய புரிதல்.

சரி, இதில் குலுவா எங்கே வருகிறது? இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

பயணம் முடிந்ததும் வில்லியம்ஸ் தன் ஊருக்குத் திரும்பினார். பிரசவம், குடலிறக்கம், மலேரியா, எலும்பு முறிவு என்று வழக்கமான வேலை காத்திருந்தது. அத்தனைக்கும் நடுவே, 1961இலிருந்து தன் மாவட்டத்தில் இந்தக் கட்டியோடு வந்த ஒவ்வொரு குழந்தையையும் அவர் பதிந்துவந்தார். நோயின் பெயரையும் வயதையும் எழுதினால் மட்டும் போதாது. வீக்கம் எப்போது தொடங்கியது, அப்போது அந்தக் குடும்பம் எந்த இடத்தில் வசித்தது என்பதும் வேண்டும். கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத கிராமங்களில் இதைத் துல்லியமாகப் பிடிக்க அந்த மக்களோடு வாழ்ந்திருக்க வேண்டும், அவர்கள் நம்பிப் பேச வேண்டும்.

1967இல் பைக், வில்லியம்ஸ், ரைட் ஆகிய மூவரும் 1961 முதல் 1965 வரையிலான குலுவாக் கணக்கைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நோயாளிகள் இடத்திலும் காலத்திலும் கொத்துக் கொத்தாக வந்திருந்தார்கள். தொற்று ஏதோ பின்னால் இருக்கிறது என்பதற்கு அது வலுவான தடயம். பிறகு வந்த ஆய்வு 1975 வரை நீண்டது. அப்புறம், இதே மேற்கு நைலில் 1972 முதல் 1974 வரை சுமார் 42,000 குழந்தைகளிடம் ரத்தம் சேகரித்து வைத்தார்கள், அதுவும் இடி அமீன் ஆட்சியில். பின்னாளில் இந்த நோய் வந்த குழந்தைகளின் ரத்தத்தில், நோய் வருவதற்கு முன்பே அந்த வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது. இவ்வளவு பெரிய ஆய்வுக்கு மேற்கு நைலைத் தேர்ந்தெடுக்க முடிந்ததற்கு, நோயை நம்பகமாக அடையாளம் கண்டு பதிந்துவந்த ஒரு கிராம மருத்துவமனை அங்கே இருந்தது முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

உகாண்டாவில் இந்தப் பழக்கம் வில்லியம்ஸோடு தொடங்கியதும் இல்லை. 1897இல் கம்பாலாவின் மெங்கோவில் மருத்துவமனை தொடங்கிய மிஷனரி ஆல்பர்ட் குக் ஒவ்வொரு நோயாளிக்கும் விரிவான குறிப்பு வைத்தார். இந்தத் தாடைக் கட்டி புதிதாக முளைத்த நோயா, பழையதா என்ற கேள்வி எழுந்தபோது, 1897 முதல் 1956 வரையிலான மெங்கோப் பதிவேடுகளைத் திறந்து பார்க்க முடிந்தது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அப்படிப்பட்ட குழந்தைகள் வந்திருந்தார்கள். குக் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். மக்களிடையே பால்வினை நோய் மிகப் பரவலாக இருப்பதாக அவர் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். மதமும் காலனி ஆட்சியும் கலந்த அவருடைய பார்வை நோயறிதலையும் பாதித்தது என்கிறார்கள். அந்த விமர்சனம் நியாயமானது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குழந்தையைத் தூக்கி வந்த தாயிடம் அவள் மொழியில் முதலில் பேசியவர்கள் உள்ளூர்ச் செவிலியரும் உதவியாளர்களும்தான். 1967 கட்டுரையின் தலைப்புக்குக் கீழே மூன்று ஐரோப்பியப் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. இது என்னை உறுத்துகிறது.

பர்கிட்டின் பெயரால் பர்கிட் கட்டி என்று அழைக்கப்படும் இந்த நோய், மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் புற்றுநோய். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளால் குணமான குழந்தைகளை அறுபதுகளிலேயே கம்பாலாவில் பார்த்தார்கள். ஆனாலும் இன்றும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் பல குழந்தைகள் தாமதமாக வருகிறார்கள், சிலர் வந்துசேருவதே இல்லை. 2010க்குப் பிறகு உகாண்டா, கென்யா, தான்சானியா மூன்று நாடுகளிலும் இந்த நோயைப் பற்றி மறுபடி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உகாண்டாவில் அதற்காகக் குழந்தைகளைப் பதிவு செய்த மருத்துவமனைகளில் குலுவாவும் ஒன்று.

இந்த வாய்ப்பைத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.